தேசிய மீன் வளர்ப்புச் சட்டம்: எதைத் தில்லியில் எழுதுவது, எதைக் கரையில் விடுவது

கேள்வி இது: மீன் வளர்ப்பையும் இறால் வளர்ப்பையும் நாடு முழுவதும் ஒழுங்குபடுத்த ஒரே சட்டம் கொண்டுவருவதென்றால் அதை எங்கிருந்து தொடங்கி எழுத வேண்டும்? அதில் என்னென்ன இருக்க வேண்டும், எங்கே பிசகும்?

தேசியச் சட்டம் வேண்டும். ஆனால் அது ஒல்லியாக இருக்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டிப் பயணிப்பவை நான்கு: குஞ்சு, நோய், மருந்து, அயல் இனம். இந்த நான்கையும் தில்லி இறுக்கிப் பிடிக்கட்டும். குளம் எங்கே வெட்டலாம், எந்த வாய்க்காலில் தண்ணீர் விடலாம், ஏரியை யாருக்குக் குத்தகை கொடுக்கலாம் என்பதெல்லாம் மாநிலமும் மாவட்டமும் முடிவு செய்ய வேண்டியவை. எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் அடைத்தால் அது நீதிமன்றத்தில் சிக்கும், அல்லது கரையில் யாரும் கண்டுகொள்ளாத காகிதமாகக் கிடக்கும்.

சட்டம் எழுத உட்காருபவர் முதலில் விரிக்க வேண்டியது அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையை. மாநிலப் பட்டியலின் 21-ஆவது பதிவு ஒரே சொல்தான்: மீன்வளம். நிலம் 18-ஆவது பதிவு, தண்ணீர் 17-ஆவது பதிவு, இரண்டும் மாநிலத்துடையவை. ஒன்றியப் பட்டியலின் 57-ஆவது பதிவு ஆட்சிக்கடலுக்கு அப்பால், அதாவது 12 கடல் மைலுக்கு வெளியே உள்ள மீன்பிடிப்பை மட்டுமே ஒன்றியத்துக்குக் கொடுக்கிறது. ஆக, பொன்னேரியில் ஒருவர் தன் பட்டா நிலத்தில் குளம் வெட்டிக் கட்லா விடுவதை நேரடியாக ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்குக் கிடைக்கும் வாசல் மிகக் குறுகியது.

அதற்காக வாசலே இல்லை என்றில்லை. பொதுப் பட்டியலின் 29-ஆவது பதிவு, மனிதருக்கோ விலங்குக்கோ பயிருக்கோ வரும் தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுப்பதைப் பற்றியது. மருந்தும் நஞ்சும் பொதுப் பட்டியலின் 19-இல் இருக்கின்றன. மாநிலங்களுக்கு இடையேயான வணிகம் ஒன்றியப் பட்டியலின் 42, அயல்நாட்டு இறக்குமதி, ஏற்றுமதி 41. குஞ்சு, நோய், மருந்து, அயல் இனம் ஆகிய நான்கும் இந்தப் பதிவுகளுக்குள் சிரமமில்லாமல் உட்காரும். தீவனம் மட்டும் சங்கடமானது. பொதுப் பட்டியலின் 33-ஆவது பதிவில் ‘கால்நடைத் தீவனம்’ என்று இருக்கிறதே தவிர மீன் தீவனம் என்று இல்லை. ஆந்திரப் பிரதேசம் 2020-இல் மீன் தீவனத் தரத்துக்குத் தனி மாநிலச் சட்டம் போட்டதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

மாநிலப் பட்டியலில் இருப்பதையும் சேர்த்துத்தான் எழுதியாக வேண்டும் என்றால் 252-ஆவது உறுப்பு இருக்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். மற்ற மாநிலங்கள் பிறகு ஏற்றுக்கொள்ளலாம். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் வந்தது. இதில் ஒரு முடிச்சு உண்டு. அப்படி ஏற்றுக்கொண்ட மாநிலம் பின்னர் அந்தச் சட்டத்தைத் தானாகத் திருத்த முடியாது. நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். மாநிலங்கள் தயங்குவது இதனால்தான், அந்தத் தயக்கம் நியாயமானது. அதனால் நன்னீர்க் குளங்களுக்கு மாதிரிச் சட்ட வரைவு ஒன்றைத் தயாரித்து மாநிலங்களிடம் கொடுப்பதே நல்லது. கேரளம் 2010-இலேயே உள்நாட்டு மீன்வளத்துக்கும் வளர்ப்புக்கும் சேர்த்துச் சட்டம் செய்துவிட்டது. ஆந்திரம் 2020-இல் தனி ஆணையமே அமைத்தது. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுதலாம்.

அடுத்தது வரையறை. மீன் வளர்ப்பு என்பது மீன்பிடிப்பா, வேளாண்மையா? அகராதிச் சண்டை போலத் தோன்றும், ஆனால் வழக்குகள் இங்கேதான் பிறக்கின்றன. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் பல ஆண்டுகள் சால்மன் பண்ணைகளுக்கு உரிமம் கொடுத்துவந்தது. அது மீன்வளம்தான், ஆகவே கூட்டரசின் அதிகாரம் என்று 2009-இல் நீதிமன்றம் சொன்னதும் கூட்டரசு அவசரமாகப் புது விதிகள் எழுத வேண்டிவந்தது. அமெரிக்காவில் நேர்மாறு. மீன்பிடிச் சட்டத்தை வைத்துக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவில் மீன் வளர்ப்புக்கு அனுமதி கொடுக்க அரசுத் துறை முயன்றது. அந்தச் சட்டத்தில் வளர்ப்பு அடங்காது என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடித்துவிட்டது. நம் ஊரில் இந்தக் கேள்வி மின் கட்டணத்திலும் வங்கிக் கடனிலும் வந்து நிற்கும். கிசான் கடன் அட்டை மீன் வளர்ப்பவர்களுக்கும் உண்டு என்று சொல்ல 2018-19 பட்ஜெட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே வரையறைப் பிரிவில் மூன்று கூறுகள் தெளிவாக வேண்டும்: வளர்க்கப்படும் உயிர் ஒருவருடைய உடைமை, வளர்ச்சியில் மனிதத் தலையீடு உண்டு, இடம் வரையறுக்கப்பட்டது. இவை மூன்றும் இருந்தால் வளர்ப்பு. ஏரியில் குஞ்சு விட்டுவிட்டு ஊரே பிடித்துக்கொள்வது இதில் வராது என்பதையும் எழுதியே வைக்க வேண்டும்.

இருக்கிற சட்டம் எது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தக் கதையில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. 1991 பிப்ரவரி 19-இல், கரையோரத்தில் எந்தத் தொழில் கூடும், எது கூடாது என்று வகுத்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதே காலத்தில் சோழமண்டலக் கரை நெடுகிலும் இறால் குளங்கள் பெருகின. வயல்களும் கிணறுகளும் உப்பாயின. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பு, மண்டலத்துக்குள் இருந்த தொழில்முறை இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. மரபுவழி வளர்ப்புக்கு விலக்களித்தது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. 1997-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணையம் வந்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, அந்த மண்டலத் தடை இந்த வளர்ப்புக்குப் பொருந்தாது என்று 1991 முதலே முன்தேதியிட்டுச் சொன்னது. ஆணையத்தின் தலைமையகம் சென்னை. 2023-இல் திருத்தம் வந்தது. கூண்டு மீன் வளர்ப்பு, கடற்பாசி, கடல் வண்ணமீன், குஞ்சு பொரிப்பகம், தாய் இறால் பெருக்கும் மையம் எல்லாம் உள்ளே வந்தன. சிறைத் தண்டனை போய்ப் பண அபராதம் வந்தது.

இந்தச் சட்டம் உப்புத் தண்ணீருக்கு மட்டும்தான். கடல், ஆறு, கழிமுகம், காயல் இவற்றின் உயர் அலைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் வரையுள்ள பகுதி இதன் எல்லை. நன்னீர் வளர்ப்பு இதில் சேராது என்று வரையறையே சொல்கிறது. 2022-23-இல் நாட்டின் மீன் உற்பத்தி சுமார் 175 லட்சம் டன். அதில் உள்நாட்டு மீன் சுமார் 131 லட்சம் டன். அதன் பெரும்பங்கு நன்னீர்க் கெண்டை வகைகள். நாம் சாப்பிடும் மீனில் பாதிக்கு மேல் தேசியச் சட்டத்தின் பார்வைக்கு வெளியே வளர்கிறது. நன்னீரில் பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால் ஆந்திரத்தின் கொல்லேறு ஏரியை நினைவூட்டுங்கள். சரணாலயத்துக்குள் வெட்டிய மீன் குளங்களின் கரைகளை 2006 வாக்கில் வெடிவைத்து உடைக்க வேண்டிவந்தது.

இனி உள்ளடக்கம். நான் முதலில் வைப்பது குஞ்சை, ஏனென்றால் சட்டத்தின் கைப்பிடி அங்கேதான் இருக்கிறது. பண்ணைகள் ஏராளம்; ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க எந்தத் துறையிடமும் ஆள் இல்லை. குஞ்சு பொரிப்பகங்களோ எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பல கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மரக்காணம் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் இறால் குஞ்சு ஏறி, அட்டைப்பெட்டிக்குள் குளிர்ச்சியாக, இரவோடு இரவாக நெல்லூர்ப் பக்கம் போகிறது. அந்தப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதே தேசியச் சட்டத்தின் முதல் விதியாக இருக்க வேண்டும் என்பேன்: பொரிப்பகப் பதிவு எண், தொட்டி எண், தாய் இறால் வந்த தொகுதி எண், குஞ்சின் வயது, எண்ணிக்கை, பி.சி.ஆர். சோதனை செய்த தேதியும் சோதனைக்கூடத்தின் எண்ணும், வாங்குபவரின் பண்ணைப் பதிவு எண். இந்த ஏழும் இல்லாத பெட்டி மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. பண்ணைப் பதிவு எண் இல்லாதவருக்குப் பொரிப்பகம் குஞ்சு விற்கக் கூடாது. இந்த ஒரு பூட்டைப் போட்டுவிட்டால், பதிவு செய்யாத பண்ணையைத் தேடி ஜீப்பில் அலைய வேண்டிய தேவை பெரும்பாலும் போய்விடும்.

தாய் இறாலுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு நன்றாகவே நடக்கிறது. 2009-இல் அயல் இனமான வனாமி இறாலை அனுமதித்தபோது, நோயற்ற தாய் இறால் மட்டுமே வரலாம், அதுவும் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தல் நிலையத்தில் வைத்துச் சோதித்த பிறகே வெளியே போகலாம் என்று விதித்தார்கள். ஒரே வாசல், ஒரே சாவி. அதனால்தான் அது வேலை செய்தது. சிரமம் அதற்கு அடுத்த கட்டத்தில். குளத்தில் வளர்ந்த இறாலையே தாயாக எடுத்து, பதிவில்லாத இடத்தில் குஞ்சு பொரித்து மலிவாக விற்பார்கள். அப்படி வரும் குஞ்சு முதல் 30 நாள் நன்றாகவே இருக்கும். பிறகு ஒரே குளத்தில் விரல் நீளமும் நகம் நீளமுமாகக் கலந்து வளரும். உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம்), வளர்ச்சியைக் குன்றவைக்கும் ஈ.எச்.பி. என்னும் நுண்ணுயிரி, இரண்டுமே காரணமாகலாம். விற்ற பொரிப்பகத்தைப் பிடிக்க வேண்டுமானால் அந்தப் பெட்டியின் தொகுதி எண் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து நோய். இதில்தான் சட்டம் எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். ‘நோய் கண்டால் 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், தவறினால் அபராதம்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். கரையில் நடப்பது வேறு. வெள்ளைப்புள்ளி நோய் 1994-95-இல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து ஒரு காட்சி மாறவில்லை. காலையில் இறால் கரையோரம் ஒதுங்கி மெதுவாக நீந்தும், தின்கிறதா என்று பார்க்க வைக்கும் செக் டிரே என்னும் தட்டில் போட்ட தீவனம் அப்படியே கிடக்கும், ஓட்டின் உள்பக்கம் வெள்ளைப் பொட்டு தெரியும். மூன்று முதல் பத்து நாளில் குளம் காலி. வளர்ப்பவர் கணக்குப் போடுகிறார். தெரிவித்தால் குளத்தை அடைக்கச் சொல்வார்கள், குளோரின் போடச் சொல்வார்கள், விற்க முடியாது. தெரிவிக்காமல் அன்றிரவே வலை போட்டுப் பிடித்தால் போட்ட முதலில் பாதியாவது தேறும். மதகைத் திறந்து தண்ணீரை விடுகிறார். அதே கால்வாயில் காலையில் பக்கத்துப் பண்ணைக்காரர் மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்.

இதை அபராதத்தால் நிறுத்த முடியாது. தெரிவிப்பவருக்கு நட்டம் குறைய வேண்டும். ஆகவே சட்டத்திலேயே ஒரு நிதி வேண்டும். ஒவ்வொரு குஞ்சு விற்பனையிலும், ஒவ்வொரு தீவன மூட்டையிலும் ஒரு சிறு தொகை அதில் சேர வேண்டும். நோயைத் தெரிவித்து, மதகை அடைத்து, கிருமி நீக்கம் முடித்தவருக்குக் குஞ்சு விலையும் கிருமி நீக்கச் செலவும் அதிலிருந்து 30 நாளில் கிடைக்க வேண்டும். மறைத்தவருக்கு அடுத்த இருப்புக்கு, அதாவது அடுத்த முறை குளத்தில் விட, குஞ்சு கிடையாது. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009-இல் இருக்கிறதே என்று கேட்கலாம். தடுப்பூசி போட்டு அடையாளமிடு, தனியே கட்டு என்ற நடைமுறைகள் தரையில் நிற்கும் விலங்குக்குப் பொருந்தும். குளத்தில் நோயைச் சுமப்பது தண்ணீர். ஆகவே தனிமைப்படுத்தும் அலகாக ஒரே கால்வாயில் தண்ணீர் எடுத்து விடும் பண்ணைகள் எல்லாவற்றையும் சேர்த்து ‘நீர்த்தொகுதி’ என்று சட்டம் வரையறுக்க வேண்டும். சிலி நாடு 2007-இல் சால்மன் வைரஸால் அடிவாங்கிய பிறகு 2010-இல் சட்டத்தைத் திருத்தி, பண்ணைகளை வட்டாரங்களாகத் தொகுத்து, ஒரே நேரத்தில் காலியாகப் போட வைத்தது. அவ்வளவு பெரிய அடி வாங்கிய பிறகுதான் நாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

கழிவுநீரைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம். ஒரு ஹெக்டேர் குளம், ஆழம் 1.5 மீட்டர், 15,000 கன மீட்டர் தண்ணீர். வனாமிக்கு அனுமதித்த உச்ச அடர்த்தி ஒரு சதுர மீட்டருக்கு 60. ஆக 6 லட்சம் குஞ்சு. 80 விழுக்காடு பிழைத்து 20 கிராமுக்கு வந்தால் 9.6 டன் இறால். கிலோவுக்கு 1.4 கிலோ தீவனம் என்றால் 13.4 டன், அதாவது 25 கிலோ மூட்டை சுமார் 540. தீவனத்தில் புரதம் 35 விழுக்காடு என்றால் நைட்ரஜன் 5.6 விழுக்காடு: 750 கிலோ. இறால் உடலில் ஏறி வெளியே போவது 280 கிலோவுக்குள். மிச்சம் 470 கிலோ நைட்ரஜன் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் கிடக்கிறது. இதே ஒரு ஹெக்டேரில் சதுர மீட்டருக்கு 20 விட்டவரின் மிச்சம் இதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பதிவுச் சான்றில் இருவரும் ‘ஒரு ஹெக்டேர்’.

அதனால்தான் பரப்பளவை மட்டும் வைத்து உரிமம் கொடுக்கும் முறை போதாது என்கிறேன். நார்வேயில் ஒரு சாதாரண சால்மன் உரிமம் என்பது 780 டன் உயிர்எடை. எந்த நேரத்திலும் அதற்கு மேல் தண்ணீரில் இருக்கக் கூடாது. நமக்கு உயிர்எடையை அளப்பது கடினம். தீவன மூட்டையை எண்ணுவது எளிது. பில் இருக்கிறது. ஒரு நீர்த்தொகுதி தாங்கும் நைட்ரஜன் இவ்வளவு, அதற்கேற்ற தீவனம் இவ்வளவு என்று வகுத்து, அதைப் பண்ணைகளுக்குள் பிரிக்கலாம். இதை மாவட்டக் குழுதான் செய்ய முடியும். தேசியச் சட்டம் சொல்ல வேண்டியது கணக்கிடும் முறையை மட்டும்.

கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே கணக்கு உதவும். பண்ணைப் பரப்பில் 10 விழுக்காட்டைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு ஒதுக்கினால், ஒரு ஹெக்டேருக்கு 1,000 சதுர மீட்டர், 1,500 கன மீட்டர் கொள்ளும். குளத்தில் இருப்பதோ 15,000. அறுவடையின்போது எல்லாத் தண்ணீரையும் அதில் நிறுத்த முடியாது. ஆனால் மேல்தண்ணீர் ஓரளவு தெளிவாகத்தான் போகும். சேறு கரைந்து கறுப்பாக வருவது கடைசிப் பத்து, இருபது விழுக்காடு. ஆகவே விதி இப்படி எழுதப்பட வேண்டும்: கடைசி 15 சென்டிமீட்டர் தண்ணீர் நேராகக் கால்வாய்க்குப் போகக் கூடாது, தொட்டிக்குப் போய்க் குறைந்தது இரண்டு நாள் நிற்க வேண்டும், அடிச்சேற்றை வாரிக் கால்வாயில் தள்ளக் கூடாது. கழிவுநீரின் அழுக்கைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் எழுதினால், அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தில் மாதிரி எடுக்க அதிகாரி மதகடியில் நின்றால்தான் உண்டு. 15 சென்டிமீட்டரோ மதகுப் பலகையில் போட்ட கோட்டைப் பார்த்தாலே தெரியும். பக்கத்து வயல்காரரே பார்த்துச் சொல்லிவிடுவார்.

இடத்தைப் பொறுத்தவரை 2005 சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டுதலில் தூரங்கள் இருக்கின்றன: 500-க்குக் குறைந்த மக்கள் வாழும் ஊரிலிருந்து 100 மீட்டர், அதற்கு மேல் என்றால் 300 மீட்டர், குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர். தூரம் எளிய அளவுகோல், ஆனால் மண்ணைப் பார்க்காத அளவுகோல். களிமண்ணில் 100 மீட்டர் போதுமானதாக இருக்கலாம். மணற்பாங்கான இடத்தில் கசிவு அதைத் தாண்டிப் போகும். ஒவ்வொரு பண்ணையின் ஊர்ப்பக்க எல்லையிலும் ஒரு கண்காணிப்புக் கிணறு, கரையைச் சுற்றிக் கசிவு வாய்க்கால், குளத்தில் தண்ணீர் நிரப்பும் முன்னும் அறுவடைக்குப் பின்னும் கிணற்று நீரின் கரைந்த உப்பு அளவு, இவை மாநில விதியில் வேண்டும். குடிநீருக்கு ஏற்ற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை. முதல் அளவீடு பண்ணை தொடங்கும் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து ‘கிணறு முன்பே உப்புதான்’ என்ற ஒரு வாக்கியத்தில் வழக்கு முடிந்துவிடும்.

இடம் என்பதில் வரைபடத்தில் தெரியாத உரிமைகளும் உண்டு. பழவேற்காடு ஏரியில் பாடு முறை இருக்கிறது. எந்தக் குப்பத்தார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்பதை ஊர்கள் முறை வைத்துத் தீர்மானிக்கின்றன. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த இடம் வெறும் நீர்ப்பரப்பு, அரசுப் புறம்போக்கு. கூண்டு மீன் வளர்ப்புக்கு நீர்ப்பரப்பைக் குத்தகைக்கு விடும் பிரிவை எழுதும்போது, ‘வழக்காறாகப் பயன்படுத்துவோரின் ஒப்புதல் இல்லாமல் குத்தகை இல்லை’ என்று சட்டத்திலேயே இருக்க வேண்டும். விதிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது வராது. கடலிலும் இதே கதைதான். 6 மீட்டர் விட்டமுள்ள ஒரு கூண்டு சின்னதுதான். ஆனால் அதன் நங்கூரக் கயிறுகள் சுற்றிலும் பிடிக்கும் இடத்தில் யாரும் வலை இழுக்க முடியாது. குத்தகைப் பரப்பை நங்கூரத்திலிருந்து அளக்க வேண்டும், கூண்டிலிருந்து அல்ல.

அயல் இனத்துக்கு வந்தால் சென்னைக்காரர்கள் வெகு தூரம் போக வேண்டாம். கொளத்தூர் வண்ணமீன் சந்தை போதும். வீட்டு மொட்டைமாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் பெருக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. அவர்களை இறால் நிறுவனத்துக்குச் சமமாகப் பதிவுக்கும் ஆய்வுக்கும் இழுத்தால் தொழில் செத்துவிடும். அதே நேரம், கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்பட்ட சக்கர் மீன் ஏரிகளில் பெருகி வலையைக் கிழிப்பதும், ஆப்பிரிக்கக் கெளுத்தி தடைக்குப் பிறகும் குளங்களில் வளர்வதும் கண்கூடு. இங்கே ஆளைப் பார்த்து விதி எழுதாமல் இனத்தைப் பார்த்து எழுத வேண்டும். தேசிய அட்டவணையில் மூன்று பட்டியல்: தாராளமாக வளர்க்கலாம், மூடிய தொட்டியில் மட்டும் வளர்க்கலாம், வைத்திருக்கவே கூடாது. பட்டியலில் பெயர் இல்லாத புது இனம் தானாகவே மூன்றாவதில் சேரும் என்பது முக்கியம். முதல் பட்டியலில் உள்ளதை மட்டும் பெருக்கும் சிறு தொட்டிக்காரருக்குப் பெயர் பதிவு போதும், உரிமம் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

மருந்து விஷயத்தில் இப்போது அடி முழுவதும் வளர்ப்பவர் தலையில் விழுகிறது. ஏற்றுமதியாகும் கண்டெய்னரில் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக்குகளான குளோராம்ஃபெனிக்கால் அல்லது நைட்ரோஃப்யூரான் எச்சம் தெரிந்தால் சரக்கு திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் நம் வளர்ப்பு இறால் சரக்கில் பாதியைச் சோதிக்கத் தொடங்கியது. ஆனால் குளத்தில் மருந்து வந்த வழி பல நேரங்களில் ‘புரோபயாட்டிக்’, ‘கனிமக் கலவை’ என்று பெயர் போட்ட, உட்பொருள் எழுதாத பாக்கெட். வளர்ப்பவருக்கே தெரியாது. குளத்தில் போட விற்கும் எந்தப் பொருளும் உட்பொருள் பட்டியலோடு பதிவு செய்யப்பட வேண்டும் என்ற விதியைக் கடலோரத்தோடு நிறுத்தாமல் நன்னீருக்கும் விரிக்க வேண்டும். எச்சம் கண்டால் முதல் விசாரணை விற்றவரிடம் தொடங்க வேண்டும்.

தண்டனைக்கு ஒரு வார்த்தை. 2005 சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. மேலே பார்த்த 9.6 டன்னைக் கிலோ 300 ரூபாய்க்கு விற்றாலும் 28.8 லட்சம். ஒரு லட்சம் அதில் ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். சிறை என்று எழுதினால் சிறு விவசாயி மேல் வழக்குப் போட எந்த அதிகாரிக்கும் மனம் வராது. நடுப்பருவத்தில் பண்ணையை மூடு என்றாலோ தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்ற சில மணி நேரத்தில் இறால் மொத்தமும் செத்து, மூட வந்தவரே ஒரு மாசுப் பிரச்சினையை உண்டாக்கிவிடுவார். வேலை செய்யும் தண்டனை அடுத்த இருப்பை நிறுத்துவது. இந்த அறுவடையை முடித்துக்கொள், குறையைச் சரிசெய், அதுவரை உன் பதிவு எண்ணுக்குக் குஞ்சு கிடைக்காது. பொரிப்பகத்துப் பூட்டு இங்கேயும் உதவுகிறது. மேல்முறையீடு 30 நாளில் மாவட்டத்திலேயே முடிய வேண்டும். ஒரு பருவம் 120 நாள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

எண்களை எங்கே வைப்பது என்பதும் வரைவுக் கலையில் பெரிய விஷயம். அடர்த்தி, தூரம், கழிவுநீர் அளவு போன்றவை சட்டத்தின் உடலில் இருக்கக் கூடாது. விதிகளிலும் அட்டவணையிலும் இருக்க வேண்டும். 2005 சட்டம் எழுதியபோது வனாமி வளர்ப்புக்குப் பொது அனுமதி இல்லை. 2009-இல் அந்த அனுமதி வந்தபோது நாடாளுமன்றத்துக்குப் போகாமல் விதி அளவிலேயே சமாளிக்க முடிந்தது இதனால்தான். உரிமைகள் மட்டும் எதிர்த்திசையில்: பாடு போன்ற வழக்காறு, கிணற்று நீர், இழப்பீடு இவை சட்டத்தின் உடலில். விதியை மாற்றுவது எளிது. எளிதாக மாறக் கூடாதவற்றை அங்கே வைக்கக் கூடாது.

வரைவைக் கருத்துக்கு வைக்கும்போது, 2014-இன் முன்சட்டக் கலந்தாய்வுக் கொள்கைப்படி குறைந்தது 30 நாள் பொதுவெளியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இணையத்தில் ஏற்றிவிட்டு 30 நாளை எண்ணினால் கரையில் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். தமிழிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் வரைவு வந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். பழவேற்காட்டில் ஒரு கூட்டம் என்றால் காலை பத்து மணி வேண்டாம். படகு திரும்பி, மீன் விற்று முடித்த பிறகு வையுங்கள்.

கடைசியாக, நடைமுறைக்கு வரும் தேதி. ஏற்கெனவே இருக்கும் பண்ணைக்குக் கழிவுநீர்த் தொட்டி கட்ட ‘ஆறு மாதம் அவகாசம்’ என்று எழுதுவது வழக்கம். தொட்டி வெட்டக் குளம் காய்ந்திருக்க வேண்டும், பொக்லைன் கரையில் இறங்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இறங்கினால் வண்டி சேற்றில் புதையும். மழை முடிந்ததும் தை, மாசியில் இருப்பு விட்டுவிடுவார்கள், குளத்தில் தண்ணீர். ஆறு மாதம் அப்படியே கழிந்துவிடும். அவகாசத்தை மாதத்தில் எண்ணாமல் ‘அடுத்தடுத்து இரண்டு அறுவடை முடியும் வரை’ என்று எழுதினால் ஒவ்வொரு பண்ணைக்கும் குறைந்தது ஒரு காய்ந்த குளமாவது கிடைக்கும்.